அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: கேமரா, நான், எதிரே உட்கார்ந்திருக்கும் பறவை

படத்தைக் காட்டினால் கேள்வி வரும். பதினைந்து வருடமாகக் கேட்டுக்கேட்டு, இன்னார் இன்னதுதான் கேட்கப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் புகைப்படக் கலையை முறையாகப் படித்தவரா?

இல்லை. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகப் பதினொரு வருடம் முழுநேர வேலை பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, காயவைத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப் அடியில் வைத்து வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவது. நூறு எண்ணும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு கை தகட்டை நகர்த்தும், மறு கை கவுன்ட்டரைத் தட்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, கழுத்து வலித்தாலும் அசையாமல் உட்காரும் பழக்கம் அங்கே வந்ததுதான். கேமரா கைக்கு வந்தபோது புதிதாகக் கற்க வேண்டியிருந்தது பட்டன்களை மட்டுமே.

முதல் படம் எது?

அதே கூடத்து ஜன்னலில் வந்த ஆண் சிட்டுக்குருவி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவிகள் கண்ணாடியில் தெரியும் தம் பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். இந்தக் குருவி காலை ஒன்பது மணிக்கு டியூட்டிக்கு வருவதுபோல வந்து கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்துவிடும். நான்கு நாள் பார்த்துவிட்டு, உடன் வேலை செய்தவரிடம் பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி எடுத்தேன். பிரின்ட் போட்டுப் பார்த்தால் கண்ணாடியில் என் முகம் தெளிவாக இருக்கிறது, குருவி இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல். அந்தப் படம் இன்னும் வைத்திருக்கிறேன். குருவி எதிரியாக நினைத்துக் கொத்தியது போலவே நானும் என் பிம்பத்தில்தான் ஃபோக்கஸ் செய்திருக்கிறேன்!

பிறகு ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு செய்தித்தாளை ஒட்டினோம். பிம்பம் குறைந்தது, இரண்டு நாளில் சண்டையும் ஓய்ந்தது. எனக்கோ வேலை ஓடவில்லை.

உங்களுக்கு ரொம்பப் பொறுமை இருக்க வேண்டுமே?

வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். பால் பொங்கும் வரை நிற்கத் தெரியாதவன் நான். பொறுமை என்று வெளியே தெரிவது உள்ளே ஒரு விதமான அரிப்பு: அடுத்து என்ன செய்யும், ஏன் இப்படிச் செய்தது என்ற அரிப்பு. அது இருந்தால் நேரம் போவது தெரியாது. இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவீர்கள்.

ஓர் உதாரணம். குளக்கரையில் தண்ணீரை ஒட்டிச் சாய்ந்து கிடந்த ஒரு காய்ந்த கிளை. வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு மீன்கொத்தி அங்கே வரும். முதல் வாரம் கேமராவைக் கொண்டுபோகவே இல்லை, ஒரு நோட்டும் பேனாவும்தான். எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது, எத்தனை முறை பாய்ந்தால் ஒரு மீன் கிடைக்கிறது, மீனோடு எந்தக் கிளைக்குத் திரும்புகிறது, இதெல்லாம் குறிப்பு. பிடித்த மீனை அது உடனே விழுங்காது. வாலைக் கவ்விக்கொண்டு கிளையில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. துடிப்பு அடங்கியதும் அலகுக்குள்ளேயே மீனைத் திருப்பி, தலை முதலில் போகும்படி விழுங்கும். வால் முதலில் போனால் செதிலும் துடுப்பும் விரிந்துகொண்டு தொண்டையை அடைக்கும்.

ஆறாம் நாள் வழக்கம்போல அடித்தது, திருப்பியது. ஆனால் விழுங்கவில்லை. மீனின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க அப்படியே பறந்துபோனது. எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு உறைத்தது: அந்த மீன் அதற்கில்லை, யாருக்கோ ஊட்டப்போகிறது. வாங்கிக்கொள்ளும் பறவைக்கும் தலைதானே முதலில் உள்ளே போக வேண்டும்? அதனால்தான் தலையை முன்னால் வைத்துக் கொண்டுபோகிறது. அது ஜோடி சேரும் பருவம், ஆண் மீன்கொத்தி பெண்ணுக்கு மீன் கொடுத்து மனம் கவரும் நாட்கள்.

மறுநாளிலிருந்து கேமரா கூட வந்தது. மூன்று நாள் கழித்து இரண்டும் அதே கிளையில் வந்து உட்கார்ந்தன. மீனின் தலை வெளியே திரும்பியதைப் பார்த்ததுமே விரல் தயாராகிவிட்டது. என் படங்களில் பலருக்கும் பிடித்த அந்த மீன் கைமாறும் படம், சரியாகச் சொன்னால் அலகு மாறும் படம், இப்படி வந்ததுதான். ‘செம டைமிங்’ என்கிறார்கள். டைமிங் எல்லாம் அந்த மீன்கொத்தியுடையது.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

எனக்குத் தெரியும், இது வராமல் போகாது. இப்போது வைத்திருப்பது கிராப் சென்சார் பாடி (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு சிறியதாக உள்ள கேமரா உடல்) ஒன்றும் 500 எம்.எம். லென்ஸ் ஒன்றும். சென்சார் சிறியது என்பதால், பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 750 எம்.எம். லென்ஸ் போட்டால் கிடைக்கும் பார்வைக் கோணம் கிடைக்கிறது. பறவைக்காரர்கள் பலர் இதற்காகவே கிராப் சென்சாரை விடமாட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள், கொஞ்சம் கூடும், அதுதான் விலை.

பணம் இருந்தால் லென்ஸில் போடுங்கள், பாடியில் வேண்டாம். பாடி நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் பதினைந்து வருடம் உழைக்கும். டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணைக் கருவி) வாங்குமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப். விடியற்காலையில் அது பெரிய இழப்பு. ட்ரைபாடை விட எனக்கு அதிகம் உதவியது துணிப்பையில் தானியம் நிரப்பித் தைத்த ஒரு பீன் பேக். சுவர், கல், வண்டியின் ஜன்னல், எதன் மேலும் உட்காரும்.

மொபைல் போதாதா?

பூச்சி, சிலந்தி, பல்லி, நிலக்காட்சி ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். தூரத்துப் பறவைக்குப் போதாது. பைனாகுலர் இருந்தால் அதில் கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடியில் மொபைல் லென்ஸை ஒட்டிவைத்து எடுத்துப் பாருங்கள். இன்ன பறவை என்று அடையாளம் காணும் அளவுக்கு வந்துவிடும்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கிறீர்கள்?

கை நடுக்கம் தெரியாமலிருக்க ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் எம்.எம். எண்ணைக் கீழே போட்டு, மேலே ஒன்று. 500 எம்.எம். லென்ஸுக்கு 1/500 விநாடி, கிராப் சென்சாரில் 1/750. இது உங்கள் கையை அடக்கும், பறவையை அடக்காது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 பரவாயில்லை. கொக்கு, நாரை போலச் சோம்பலாகச் சிறகடிப்பவை பறக்கும்போது 1/1600. சின்னப் பறவைகள் பறந்தால் 1/3200க்குக் கீழே நான் இறங்குவதில்லை. அதற்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும். நாய்ஸை மென்பொருள் குறைத்துவிடும், அசைந்துபோன கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளைக் கொக்கு கரிய தண்ணீரில் நின்றால் கேமரா ஏமாறும். இருட்டு அதிகம் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் சிறகுகள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி எப்படி இவ்வளவு மழுங்கலாக வருகிறது? எடிட்டிங்கா?

படுத்துக்கொண்டு எடுக்கிறேன், அவ்வளவுதான். தரையில் இருக்கும் பறவையை நின்றபடி எடுத்தால் அதன் பின்னணி, காலடியில் இரண்டடி தள்ளியிருக்கும் மண். படுத்துக் கண் மட்டத்தில் எடுத்தால் பின்னணி ஐம்பது அடி தள்ளியிருக்கும் புதர். தூரம் கூடினால் மழுங்கல் கூடும். சட்டை வீணாகும், எறும்பு கடிக்கும். படத்தில் அதன் உலகம் அதன் உயரத்தில் தெரியும்.

பறவை பறக்காமல் எப்படிக் கிட்டே போகிறீர்கள்?

நேராகப் போவதில்லை. பூனையும் நரியும் வருவது அப்படித்தான். பக்கவாட்டில், குறுக்கும் நெடுக்குமாக, வேறு வேலையாகப் போகிறவர்போல நடந்து, உட்கார்ந்து, மறுபடி கொஞ்சம். உற்று முறைக்காதீர்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே உறைந்துவிடுங்கள். மறுபடி மேய ஆரம்பித்தால் இருக்கலாம், கழுத்தை நீட்டியபடியே இருந்தால் பின்வாங்குங்கள். கிளம்பப்போகும் பறவை உடம்பைத் தாழ்த்தும், பல சமயம் எச்சமிட்டுவிட்டுக் கிளம்பும். காற்று வரும் திசையை எதிர்த்துத்தான் பெரும்பாலும் எழும்பும். ஆகவே காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் பறவை உங்களை நோக்கி எழும்பும்.

மறைவுக் கூடாரத்துக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இருவர் உள்ளே போய், ஒருவர் மட்டும் வெளியே நடந்து போய்விடுவது. ஆள் போய்விட்டது என்று பறவை நினைத்துக்கொள்ளும். பல பறவைகளிடம் பலிக்கிறது. காகத்திடம் எனக்கு ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

செய்ததை நினைத்து வருத்தப்பட்டதுண்டா?

உண்டு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாம் வருடம். வெட்டவெளியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று தரையில் முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், அவற்றின் நிறத்திலேயே புள்ளியிட்ட நான்கு முட்டை. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். என்னைப் பார்த்தும் கத்தியது, தலைக்கு மேல் சுற்றியது, சிறகு ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு நடித்தது. நானோ ‘ஆஹா, என்ன ஆக்‌ஷன்’ என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுப்பகல். ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

எனக்கு அன்று தெரியாத விஷயம் இது: கடும் வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீரில் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையைக் குளிர்விக்கும். அதை நான் ஒரு மணி நேரம் நெருங்கவிடவில்லை. மின்கம்பத்தில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், அவை யாரைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று யோசிக்கவில்லை. மறுநாள் காலை போனபோது பள்ளத்தில் ஓட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. ஆள்காட்டிகள் கொஞ்ச தூரத்தில் நின்றன. என்னைப் பார்த்துக் கத்தவில்லை, காக்க வேண்டியது ஒன்றும் அங்கே இல்லை.

வெயிலா, காகமா, இரண்டுக்குமே நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் படங்கள் நன்றாக வந்திருந்தன. யாருக்கும் காட்டியதில்லை.

அதனால்தான் கூடு, குஞ்சுப் படங்கள் உங்களிடம் இல்லையா?

ஆமாம். இன்னும் சில விஷயங்கள் செய்வதில்லை. பறவையின் குரலை ஒலிபரப்பிக் கூப்பிடுவதில்லை, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஆந்தைக்கு இரவில் ஃபிளாஷ் அடிப்பதில்லை. இரை வைத்து வரவழைப்பதில்லை. அரிய உயிரினம் என்றால் இடத்தைச் சொல்வதுமில்லை, படக் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் அழித்துவிட்டுத்தான் பகிர்வேன். நண்பர்கள் சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

பூச்சிகளை ஃபிரிட்ஜில் வைத்துச் சோர்வாக்கிப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. குளிர்ந்த விடியலில் தட்டான்கள் உடம்பு சூடேறும்வரை பறக்க முடியாமல் பனித்துளியோடு புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது ஓர் அலாரம்.

உங்களுக்கு முன்னோடிகள்?

பழைய ஆட்கள். பிரிட்டனின் ரிச்சர்ட், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள் 1890களிலேயே பறவைக் கூடுகளைப் படமெடுக்க ஆரம்பித்தவர்கள். மாட்டுத் தோலைச் சட்டத்தில் போர்த்திப் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நின்று எடுத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் ஷிராஸ் இரவில் படகில் போய் ஃபிளாஷ் தூள் கொளுத்தி மான்களை எடுத்தார். விலங்கே கம்பியைத் தட்டி ஷட்டரை இயக்கும் முறையையும் பயன்படுத்தினார். இன்றைய கேமரா டிராப்புக்கு அதுதான் பாட்டன். 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. எரிக் ஹோஸ்கிங், 1937இல் ஆந்தைக் கூட்டருகே போனபோது ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தவர். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைத்தான் எடுத்தார். ஆள்காட்டி என்னிடம் கத்தியதோடு விட்டது, இன்னும் வலிய பறவையாக இருந்திருந்தால் எனக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும்.

தமிழில் படிக்கிற நமக்கு மா. கிருஷ்ணன் (1912–1996) இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். 1950இலிருந்து இறக்கும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். அவர் படத்தில் யானை அழகு காட்டி நிற்காது, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மீன்கொத்தி நோட்டுக்கு விதை அவரிடமிருந்து வந்தது.

போட்டிகளுக்கு அனுப்புவதுண்டா?

எப்போதாவது. 1965இலிருந்து நடக்கும் ‘வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர்’ போட்டியிலேயே இரண்டு பெரிய சறுக்கல்கள் நடந்திருக்கின்றன. 2009இல் முதல் பரிசு வென்ற, கதவைத் தாண்டும் ஓநாயின் படத்தை, அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கும் என்று சொல்லி நீக்கினார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற படத்தில் இருந்த எறும்புத்தின்னி பாடம் செய்யப்பட்ட உடல் என்று மறு வருடம் நீக்கினார்கள். எடுத்தவர்கள் இருவரும் மறுத்தார்கள். யார் பக்கம் உண்மை என்பதை விட, படத்தைப் பார்த்து நடுவர்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. பார்வையாளர் படத்தோடு சேர்த்து எடுத்தவரின் சொல்லையும் நம்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் எடிட் செய்வீர்களா?

செய்வேன். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் கோப்பு) எடுத்து வெளிச்சம், நிறம், கிராப் (ஓரம் வெட்டுதல்), நாய்ஸ் ஆகியவற்றைத் திருத்துவேன். இல்லாத கிளையைச் சேர்ப்பதும் இருந்த கிளையை அழிப்பதும் கிடையாது.

இதில் சம்பாதிக்க முடியுமா?

படம் விற்று மட்டும் வாழ்பவர்கள் மிகக் குறைவு. பயிற்சி வகுப்பு, சுற்றுலா வழிகாட்டுதல், எழுத்து, வேறு வேலை என்று கலந்துதான் பலருக்கு அடுப்பு எரிகிறது. நான் இன்றும் அரை நாள் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறேன். மதியத்துக்கு மேல் வெளிச்சம் எப்படியும் கடுமை, ஆகவே நஷ்டமில்லை.

பட்டனை அழுத்துமுன் நடந்ததையும் பதிவுசெய்யும் கேமராக்கள் வந்துவிட்டனவே, அது ஏமாற்று இல்லையா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். மனிதக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கிட்டத்தட்ட கால் விநாடி போய்விடுகிறது. பொய் மாட்டுக்குள் நின்றவர்கள் இப்படியொரு வசதி கிடைத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்களா? என் கேமராவில் அது இல்லை என்பதால் கொஞ்சம் பொறாமை மட்டும் உண்டு.

எடுக்க ஆசைப்பட்டு இன்னும் கிடைக்காத படம்?

மீன்கொத்தியின் அலகு நுனி தண்ணீரைத் தொடும் கணம். அலை எழும்புவதற்கு முன்னால், கண்ணைப் பாதுகாக்கும் சவ்வு மூடும் அந்த நேரத்தில். பல வருடமாக முயல்கிறேன். ஒன்று, கிளை ஆடிக்கொண்டிருக்கும், பறவை இருக்காது. இல்லையென்றால் பறவை உள்ளே போய்த் தண்ணீர் மட்டும் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருக்கும். அழிக்க மனம் வராமல் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவைத்திருக்கிறேன். ‘வட்டங்கள்’ என்று பெயர். இன்று காலை எடுத்ததையும் சேர்த்து அதில் 2,311 படங்கள்.